ஈரானின் பகை எங்கே உருவாகிறது?

கொக்குவிலில் உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "அமெரிக்காவோடு இணங்கிப்போனால் பொருளாதாரத் தடைகள் நீங்குமே, ஈரான் ஏன் தயங்குகிறது?"

அரசுகள் இலாப நட்டம் பார்த்தே நடக்கின்றன என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆனால் எது இலாபம் என்று கணக்கிடுவதற்கு முன்பே ‘நாங்கள் யார்' என்பதற்கு ஓர் அரசு விடை வைத்திருக்கிறது. புரட்சியில் பிறந்த அரசுக்கு ஆளும் உரிமையைத் தருவதே அந்த விடைதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1979இன் சில நாட்களில் துல்லியமாகப் பார்க்கலாம். ஒக்டோபர் 22ஆம் திகதி, அந்த ஆண்டுப் புரட்சியில் பதவி இழந்த ஈரான் மன்னர் ஷா சிகிச்சைக்காக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1953இல் அமெரிக்க உளவுத்துறை துணைநின்ற சதியால் அரியணையில் நிலைத்தவர் அவர். மறுபடியும் அதுவே நடக்கும் என்ற அச்சம் தெஹ்ரானில் பரவியது. நவம்பர் 1இல், புரட்சி அரசின் பிரதமர் மெஹ்தி பஸர்கான் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகரை அல்ஜியர்ஸில் சந்தித்தார். பஸர்கான் மிதவாதி. மூன்றே நாட்களில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றினார்கள். புரட்சியின் தலைவர் கொமெய்னி அவர்களை ஆதரித்தார்; பஸர்கான் பதவி விலகினார். பணயக் கைதிகளான அமெரிக்கர் 52 பேரின் சிறைவாசம் 444 நாட்கள் நீண்டது.

வெளிநாட்டோடு மூண்ட இந்த மோதலில் உள்நாட்டுப் போட்டி ஒன்று தீர்ந்துபோனதைக் கவனியுங்கள். புரட்சிக்குள் யார் உண்மையானவர் என்பதை அளக்கும் கோலாக அமெரிக்கப் பகை மாறியது. அதன் பின்னர் கைகுலுக்க முன்வரும் எந்தத் தலைவரும் முதலில் தன் வீட்டிலேயே துரோகிப் பட்டத்துக்குத் தயாராக வேண்டும். தடைகளால் வரும் நட்டத்தை மக்கள் எல்லோரும் பங்கிட்டுச் சுமக்கிறார்கள். சமரசத்தின் விலையைத் தலைவர் தனியாகச் செலுத்துகிறார். எனக்கு இதைவிட அழகான பொறிமுறை அரசறிவியலில் தெரியாது. மருத்துவத்தையும் பொறியியலையும் மட்டுமே அறிவியலாக மதிக்கும் யாழ்ப்பாணத்து வீடுகள் இந்தத் துறையையும் பிள்ளைகளுக்கு மனமாரத் திறந்துவிட வேண்டும்.

அடையாளம் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ஈராக்கோடு போர் நடந்தபோது, 1985-86இல் அமெரிக்க ஆயுதங்களை இஸ்ரேல் வழியாகவே ஈரான் வாங்கியது, இரகசியமாக. 2015இல் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளோடு அணுசக்தி உடன்பாட்டுக்கு வந்தது. 2018இல் அமெரிக்கா அதிலிருந்து விலகியதும், உடன்பாட்டுக்காக வாதாடிய ஈரானியர்களே உள்நாட்டில் பலவீனப்பட்டார்கள்.