010 என்றால் பத்தா, எட்டா?

ஒரு முகவரியில் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்கு, லினக்ஸில் 127.1 என்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். பிழை எதுவும் வராது; 127.0.0.1, அதாவது உங்கள் கணினியே, பதில் சொல்லும். 2130706433 என்று கொடுத்தாலும் அதே பதில்தான்.

புள்ளி வைத்து எழுதுவது நம் கண்ணுக்காக. கணினியைப் பொறுத்தவரை, நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரி என்பது 32 பிட் நீளமுள்ள ஒரே எண். அதை எட்டு எட்டு பிட்டாக நறுக்கி, ஒவ்வொரு பைட்டையும் தசம எண்ணாக எழுதுகிறோம். அதனால்தான் எந்தப் பகுதியும் 255ஐத் தாண்டுவதில்லை. 192.168.1.10 என்பதைத் திரும்பச் சேர்த்தால் 192×1,67,77,216 + 168×65,536 + 1×256 + 10, அதாவது 3232235786. நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலமான பாக்கெட்டின் தலைப்பில் ஏறுவது இதன் நான்கு பைட்டுகள் மட்டுமே.

சிக்கல் முழுவதும் எழுத்தை எண்ணாக்கும் இடத்தில் இருக்கிறது. பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்திலிருந்து வந்த, இப்படி மாற்றித் தரும் பழைய செயற்கூறு ரொம்பவே தாராளமானது. பகுதிகள் குறைந்தால், கடைசிப் பகுதி மிச்சமுள்ள பைட்டுகள் அத்தனையையும் எடுத்துக்கொள்ளும்: 10.1.300 என்றால் 10.1.1.44. இதைவிட மோசமானது முன்னால் நிற்கும் சுழியம். சி மொழி வழக்கப்படி அப்படித் தொடங்கும் எண்ணை எட்டின் அடிமானத்தில் படிப்பார்கள். 010 என்பது 8. சில பிரிண்டர்கள் தம் முகவரியை 192.168.001.010 என்று மூன்று மூன்று இலக்கமாகக் காட்டும். அதை அப்படியே தட்டினால் 192.168.1.8க்குப் போய் நிற்பீர்கள். 018 என்று முடிந்தால் இன்னும் நல்லது: எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது, பிழையாவது வரும்.

பாதுகாப்பு ஓட்டையும் இதே வழியில்தான் வருகிறது. உள் முகவரிகளைத் தடுக்க சர்வரில் வைத்த வடிகட்டி நிரல் 0177.0.0.1 என்பதை 177 எனப் படித்து, வெளி முகவரிதானே என்று விட்டுவிடும். இணைப்பை ஏற்படுத்தும் செயற்கூறோ அதை 127.0.0.1 எனப் படித்து, சர்வரின் சொந்த வாசலைத் தட்டும். பைத்தான் 3.9.5 முதல் அதன் ஐபி முகவரி நூலகம் முன்சுழியம் உள்ள முகவரிகளை ஏற்பதில்லை. சரியான முடிவு. எழுத்தாக ஒப்பிடாமல், ஒருமுறை எண்ணாக்கி, சோதனைக்கும் இணைப்புக்கும் அந்த எண்ணையே பயன்படுத்துவதுதான் தப்பும் வழி.

முகவரியில் எந்தப் பிட்டுகள் நெட்வொர்க்கைக் குறிக்கின்றன என்று சொல்வது சப்நெட் மாஸ்க். எண்ணான பிறகு அதன் வேலை சுலபம். 192.168.1.70/26 என்றால் முதல் 26 பிட்டுகள் நெட்வொர்க், மிச்சம் 6 பிட் கருவிக்கு. கடைசி பைட்டான 70 இருமத்தில் 01000110. மாஸ்க்கின் 11000000 உடன் 'அண்ட்' செய்தால், அதாவது இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 வைத்தால், 64. ஆக, இது 192.168.1.64 நெட்வொர்க். 192.168.1.130க்கு அதே கணக்கு 128 தருவதால் அது வேறு நெட்வொர்க்; பாக்கெட் ரவுட்டருக்குப் போகும். மாஸ்க்கைத் தவறுதலாக /24 என்று வைத்துவிட்டால், 130ஐயும் தன் பக்கத்து வீடு என்றே கணினி நம்பும். ரவுட்டரிடம் கொடுக்காமல் நேரே கூவி அழைக்கும், பொதுவாக யாரும் பதில் சொல்வதில்லை. இணையமெல்லாம் வேலை செய்யும், அந்த ஒரு கணினி மட்டும் கிடைக்காது.

பைட் வரிசையும் கவனிக்க வேண்டியது. நெட்வொர்க்கில் பெரிய பைட் முதலில் போகும்; இன்டெல் வகைச் செயலிகள் சிறியதை முதலில் வைக்கும். மாற்ற மறந்தால் 192.168.1.10 தலைகீழாகி 10.1.168.192 ஆகிவிடும். அதுவும் உள் நெட்வொர்க் முகவரி போலவே தெரிவதால் தவறு சட்டெனக் கண்ணில் படாது.

ஐபிவி4க்கு அடுத்து வந்த ஐபிவி6 முகவரிக்கு 128 பிட். பதினாறடிமானத்தில் எட்டுத் தொகுதிகள். தொடர் சுழியங்களை இரட்டை முக்காற்புள்ளியால் சுருக்கலாம், ஒரே ஒரு முறை. 2001:0:0:1:0:0:0:1 என்பதை 2001::1::1 என எழுதினால், மறைந்த ஐந்து சுழியத் தொகுதிகளில் எந்தப் பக்கம் எத்தனை என்று தெரியாது. நீளமான தொடரைச் சுருக்கி 2001:0:0:1::1 என எழுதுவதே முறை. பிரவுசரில் இதைச் சதுர அடைப்புக்குள் தர வேண்டும், [::1]:8080 என்பதுபோல. இல்லாவிட்டால் முகவரி எங்கே முடிகிறது, கணினியில் எந்தச் சேவை என்று சொல்லும் போர்ட் எண் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது.