கருவுற்றவர்: ‘கர்ப்பிணி நபர்’ என்னும் பிழையைப் பற்றி

பாளையங்கோட்டையில் அண்மையில் நடந்த ஒரு கருத்தரங்கில், கருக்கலைப்புச் சட்டத்தைப் பொதுமக்களுக்கு விளக்கும் 4 பக்கத் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். நோக்கம் நல்லது, செய்தியும் வேண்டிய செய்தி. ஆனால் அதில் ‘கர்ப்பிணி நபர்’ என்ற தொடர் 11 இடங்களில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், திருநங்கைகளுக்கும் கருக்கலைப்பு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதாகக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இவ்விரண்டையும் தொலைக்காட்சி விவாதங்களிலும் மேடைகளிலும் பல முறை கேட்டுப் பொறுத்திருக்கிறேன். அச்சில் பார்த்தபின் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் அச்சில் ஏறிய பிழையை அடுத்து வரும் மொழிபெயர்ப்பாளர் அகராதியாக எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறப்பில் ஆண் என்று குறிக்கப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. அவருக்குக் கருப்பை இல்லை, ஆகவே அவருக்குக் கருக்கலைப்பு என்ற கேள்வியே எழாது. பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. அவர்களுள் பலருக்குக் கருப்பையும் சூலகமும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்பால் இயக்குநீரை எடுத்துக்கொள்பவருக்கு மாதவிடாய் நின்றிருந்தாலும் அது கருத்தடை ஆகாது, எனவே அவர் கருவுற இடமுண்டு. நீதிமன்றம் பேசியது இவர்களைப் பற்றி. இருவரையும் சேர்த்துச் சொல்லத் திருநர் என்ற சொல் இருக்கிறது. ‘டிரான்ஸ்ஜெண்டர்’ என்ற ஆங்கிலச் சொல் இருவரையும் ஒன்றாய் அடக்குவதால், அதைப் பார்த்தவுடன் கை தானாகத் ‘திருநங்கை’ என்று எழுதிவிடுகிறது. 2008இல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநர்க்கென நலவாரியம் அமைத்த தமிழ்நாட்டில் திருநங்கை என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரியும். திருநம்பியைத் தெரிந்தவர் குறைவு. தெரியாமற்போனதன் விளைவு, எவருக்காக அந்த வரி எழுதப்பட்டதோ அவர் அந்த வரியிலேயே காணாமற்போகிறார்.

இனி முதற்பிழை. கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதித்த 1971ஆம் ஆண்டுச் சட்டமும், சில பிரிவினருக்கு அதன் வரம்பை 20 வாரத்திலிருந்து 24 வாரமாக உயர்த்திய 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் ‘பெண்’ என்றே பேசுகின்றன. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் அந்த 24 வார வரம்பு உண்டு என்று தீர்ப்பளித்தபோது, இச்சட்டத்தில் வரும் ‘பெண்’ என்ற சொல், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலேயே வாழும் பெண்களோடு, பாதுகாப்பான கருக்கலைப்பு தேவைப்படும் பிறரையும் குறிக்கும் என்று விளக்கியது. 2024இல் வந்த மற்றொரு தீர்ப்பில் நீதிமன்றம் ‘பெண்’ என்பதற்கு மாற்றாக, ‘பிரெக்னன்ட் பெர்சன்’ என்ற, பால் சுட்டாத ஆங்கிலத் தொடரைத் தானே எடுத்தாண்டு, இருபாலுக்குள் அடங்காதோர் சிலரும் திருநம்பிகளும்கூடக் கருவுறக்கூடும் என்று காரணமும் கூறியது. அந்தத் தொடரைத்தான் நம்மவர்கள் ‘கர்ப்பிணி நபர்’ ஆக்கினார்கள்.

ஒரு சொல்லின் எல்லையை நீதிமன்றம் விரித்துக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. 2019 ஏப்ரலில், தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் இணையரின் திருமணப் பதிவு பற்றிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று கூறியது. அங்கே சொல்லை விரித்தது அவரை அவருடைய பெயராலேயே அழைத்ததற்கு ஒப்பாகும். 2022 தீர்ப்பிலோ திருநம்பிக்கு உரிமை கிடைத்தது, ஆனால் ‘பெண்’ என்ற பெயரின் கீழ் கிடைத்தது. 2024இல் நீதிமன்றம் அந்த நெருடலைத் தீர்த்தது. தமிழாக்கம் அதே நெருடலைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

எப்படி என்றால், ‘கர்ப்பிணி’ என்பது வடமொழியில் கர்ப்பம் உடையவள் என்று பொருள்படும் பெண்பாற்சொல். ஈற்றில் நிற்கும் ‘ணி’ என்பதிலேயே பெண் இருக்கிறாள். (‘கர்ப்பிணிப் பெண்’ என்று எழுதுவதும் இதனால் கூறியது கூறல்தான், ஆனால் அது தீங்கில்லாத பிழை.) ‘நபர்’ என்பது ஆளைக் குறிக்கும் அரபுச் சொல், பாரசீகம், உருது வழியாக அரசுக் கச்சேரிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் வந்து, அங்கிருந்து செய்தித்தாளுக்கு வந்தது. ‘ர்’ என்று முடிவதால் தமிழின் மரியாதை ஈறு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது அந்த ‘ர்’ அன்று. ஆகவே ‘கர்ப்பிணி நபர்’ என்பதன் பொருள் ‘கருவுற்றவளாகிய ஆள்’ என்பதாகும். பெண்பால் ஈற்றை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் ஒரு பொதுச்சொல்லை ஒட்டினால் பால் மறைந்துவிடும் என்று எண்ணியது பெரும்பிழை.

நபர் என்ற சொல்லின் மணத்தையும் பார்க்க வேண்டும். செய்தித்தாளில் மர்ம நபர் நகை பறிக்கிறார், அடையாளம் தெரியாத நபர் இருசக்கர வாகனத்தில் தப்புகிறார், மேற்படி நபர் கைது செய்யப்படுகிறார். வீட்டுக்கு வந்த விருந்தாளியை எந்தத் தாயும் நபர் என்று சொன்னதில்லை. ஏற்கெனவே மருத்துவமனை வாசலில் எல்லாரும் திரும்பிப் பார்க்க, கூசி நிற்கும் ஒருவருக்கு இந்தச் சொல்லைத் தேடிப்பிடித்துச் சூட்ட வேண்டுமா?

தமிழுக்கு இங்கே ஒட்டுவேலையே தேவையில்லை. ‘ஒருவர்’ என்னும் சொல் உயர்திணையின் இரு பாலுக்கும் பொது, அது பன்மை வினை கொள்ளும் என்று நன்னூல் சொல்கிறது. தொல்காப்பியமும் அது இருபாற்கும் உரியது என்றே கூறுகிறது. ஆண், பெண் என்று பிரிக்காமல் ஆளைச் சுட்டும் சொல்லை இலக்கண நூலார் அடையாளம் கண்டு விதியும் எழுதிவைத்திருக்க, நாம் அரபி வரை போய்வந்திருக்கிறோம். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலாகக் கொள்க என்பதும் நன்னூல் விதிகளுள் ஒன்று. அந்நூற்பாவில் வரும் ‘பேடு’ என்ற சொல்லை இன்று எவரும் விரும்பமாட்டார், விரும்பத் தேவையுமில்லை. ஆனால் ஒருவர் எந்தப் பாலை அவாவுகிறாரோ அந்தப் பாலால் சொல்லுதல் என்ற நெறி நம் இலக்கணத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பதை, இதெல்லாம் மேலைநாட்டு இறக்குமதி என்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கரு என்பது முட்டையின் கருவிலிருந்து கதையின் கரு வரை பரந்த பழஞ்சொல், மலையாளத்திலும் வழங்குவது. உறுதல் என்றால் அடைதல், நேர்தல். நோயுற்றவர், துயருற்றவர், மணமுற்றவர் என்பவற்றைப் போலக் கருவுற்றவர். ஆணா பெண்ணா என்று அச்சொல் கேட்பதில்லை, மறைப்பதுமில்லை. கருத்தரித்தவர் என்பதும் பிழையன்று. ஆனால் தரித்தல் வடமொழி வழி வந்தது, தமிழ் வினை கையில் இருக்கும்போது அது எதற்கு என்பது என் கருத்து. சூலுற்றவர் இன்னும் அழகு: மேகம் சூல்கொள்ளும், பயிர் சூல்கொள்ளும், பூவுக்குள் சூலகம் உண்டு என்று பள்ளிப் பாடநூல் சொல்லும். பெண்ணுடலோடு மட்டும் கட்டப்படாத அந்தச் சொல்லை விண்ணப்பப் படிவத்தில் எழுத முடியாது என்பதால் மட்டும் விட்டுவிடுகிறேன்.

கருவுற்றவர் ஏட்டுச்சொல், கர்ப்பிணி எல்லாருக்கும் தெரிந்த சொல் என்று அந்தக் கருத்தரங்கிலேயே ஒருவர் மறுத்தார். மகப்பேறு என்ற சொல்லும் ஒரு காலத்தில் ஏட்டுச்சொல்தான். இன்று மகப்பேறு விடுப்பு, மகப்பேறு நிதியுதவி என்று கிராமத்துச் செவிலியரும் சொல்கிறார். கருப்பை, கருத்தடை, கருக்கலைப்பு ஆகிய மூன்றையும் புரிந்துகொள்பவருக்குக் கருவுற்றவர் மட்டும் புரியாமற்போகாது. பேச்சு வழக்கை அளவுகோலாக வைத்தாலும் நெல்லைச் சீமையில் கர்ப்பிணி என்று பேசுவோர் யார்? முழுகாம இருக்கா, உண்டாயிருக்கா, வாயும் வயிறுமா இருக்கா என்றுதான் பேச்சு. மரியாதைக்குரியவராக இருந்தால் ‘அவிய உண்டாயிருக்காவ’ என்போம். பள்ளிக்கூட ஆசிரியையைப் பற்றி அப்படிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ‘அவிய’ கணவருக்கும் வரும், மாமியாருக்கும் வரும், கலெக்டருக்கும் வரும். அந்த முழு வாக்கியத்தில் ஆண்பாலோ பெண்பாலோ எங்குமில்லை. ஒரு திருநம்பியைப் பற்றி அதே வாக்கியத்தை ஓரெழுத்தும் மாற்றாமல் சொல்லலாம்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. ‘அவர்’ என்பது வெறும் மரியாதை ஈறு, அதைப் படிப்பவர் பெண் என்றே எடுத்துக்கொள்வார், நபர் என்று போட்டால்தான் ஏதோ வேறுபாடு இருப்பது கண்ணில் படும் என்கிறார்கள். கண்ணில் படுவது வேறு, பொருள் விளங்குவது வேறு. ‘கர்ப்பிணி நபர்’ என்று படித்தவர் எவரும் திருநம்பியை நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை. இது என்ன தமிழ் என்றுதான் கேட்கிறார்கள். திருநம்பியும் இதில் அடங்குவார் என்று காட்ட வேண்டுமானால் ‘திருநம்பிகள் உட்படக் கருவுற்றவர் அனைவரும்’ என்று வெளிப்படையாக எழுதலாம். சொல்ல வேண்டியதை வாக்கியத்தில் சொல்லாமல், ஒரு சொல்லை முடமாக்கி அதன் நடையைப் பார்த்துப் புரிந்துகொள்ளச் சொல்வது மொழிபெயர்ப்பு ஆகாது.

பெண் என்ற சொல்லையே எடுத்துவிடுவதை விரும்பாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை எல்லாம் பகைவராகப் பார்க்கும் போக்கை நான் ஏற்கவில்லை. நம் பக்கத்துப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்க்கலாம். சூலோடு இறந்துபோனவளின் நினைவாக, அவள் இறக்கிவைக்க முடியாமற்போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்க நட்ட கல் அது. அந்தக் கல்லுக்குக் கீழே ‘கருவுற்றவர்’ என்று எழுதினால் தவறு. அது பெண்ணின் வரலாறு. பேறுகாலத்தில் செத்தவளும், மணமாகாமல் உண்டாகி ஊரை விட்டுத் துரத்தப்பட்டவளும் பெண் என்பதாலேயே அந்தக் கதிக்கு ஆளானார்கள், ஆகையால் வரலாறு பேசும் இடத்தில் பெண் என்றே எழுத வேண்டும். உரிமை வரையறுக்கும் இடம் வேறு. அங்கே கருவைச் சுமக்கும் உடலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் பொருள். மாவட்ட ஆட்சியரிடம் ஆண் என்று சான்றிதழ் பெற்ற ஒருவர் அவ்வுடலோடு மருத்துவர் முன் நிற்கும்போது, படிவத்தில் உள்ள சொல் அவரைத் தடுக்கக் கூடாது. இரண்டு இடத்துக்கும் இரண்டு சொல் வைத்துக்கொள்ளும் வளம் தமிழுக்கு இருக்கிறது, ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைப் பார்க்காமல் சொல்லைப் பார்த்துச் சொல் வைப்பதால் வரும் கேடு இந்த ஒரு தொடரோடு நிற்கவில்லை. அதே துண்டறிக்கையின் தலைப்பில் ‘இனப்பெருக்க உரிமைகள்’ என்றிருந்தது. இனப்பெருக்கம் விலங்கியல் பாடச்சொல். மீன்குஞ்சுப் பண்ணைக்கும் கால்நடைத் துறைக்கும் பொருந்தும். இனம் என்றால் சாதி, சமயம் என்றும் காதில் விழும் நாட்டில், இனத்தைப் பெருக்கும் உரிமை என்று மேடையில் முழங்கினால் கேட்பவர் என்ன நினைப்பார்? 1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாடு இவ்வுரிமையை விளக்கியபோது, எத்தனை பிள்ளை, எவ்வளவு இடைவெளியில், எப்போது என்று தாமே முடிவுசெய்தல் என்றது. பெருக்குவது அதில் எங்கே இருக்கிறது? சிலர் ‘கருவுரிமை’ என்கிறார்கள். அது கருவுக்குள்ள உரிமை என்று கருக்கலைப்பை எதிர்ப்பவர்களின் வாதமாகவே மாறிவிடும். ‘தாய்மை உரிமை’ என்றால் தாயாக விரும்பாதவளும், பெற்றும் தந்தையென்றே அழைக்கப்பட விரும்பும் திருநம்பியும் வெளியே நிற்பார்கள். மகப்பேற்றுரிமை என்பதே போதும். பெறாமலிருப்பது அதில் அடங்குமா என்று கேட்டால், பேச்சுரிமை உள்ளவர் பேசாமலும் இருக்கலாம் என்பதே விடை. மகவும் பேறும் ஆகிய இரண்டு சொல்லிலும் ஆணுமில்லை, பெண்ணுமில்லை.

சட்ட வரைவில் இப்போது கருவைச் சுமப்பவர் என்று காலத்தை வரையறுக்க வேண்டிய இடத்தில் மட்டும் ‘கருவுற்றிருப்பவர்’ என்று எழுத வேண்டும். முன்பு கருவுற்று இப்போது அப்படி இல்லாதவரை அது விலக்கும். துண்டறிக்கையை அச்சிட்டவர்களிடம் முதற்பக்கத்தை இப்படி மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ‘கருவுற்றிருக்கும் ஒருவர், சட்டம் சொல்லும் காரணங்களுள் ஒன்று இருந்தால், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின்பேரில் கருவைக் கலைத்துக்கொள்ளலாம். சட்டம் குறிப்பிடும் பிரிவினர்க்கு 24 வாரம் வரை இதற்கு இடமுண்டு. அப்போது இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். 18 வயது நிறைந்தவராயின் (மனநோய் உடையவர் நீங்கலாக) அவருடைய ஒப்புதலே போதும்; கணவரோ பெற்றோரோ ஒப்ப வேண்டியதில்லை. திருநம்பிகளுக்கும் இவை அனைத்தும் பொருந்தும்.’ கடைசி வரியைத் தனி வரியாகவே, கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.