'இருந்துக்கோ' என்றால் ஒன்று, 'எடுத்துக்கோ' என்றால் வேறு: அனுமதியில் குடியேறிய இடமும் 12 வருஷக் கணக்கும்

12 வருஷம் குடியிருந்தால் இடம் நமக்கே என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் சரி. இந்தியாவின் 1963 காலவரையறைச் சட்டம், உறுப்பு 65-ன்படி, தன் இடத்தை மீட்க உரிமையாளர் 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அரசு நிலமென்றால் கெடு 30 ஆண்டு. தவறினால், பிரிவு 27-ன்படி அவருடைய உரிமையே போய்விடும். ஆனால் இந்தக் கணக்கு குடியேறிய நாளிலிருந்து ஓடாது; அனுபவம், அதாவது இடத்தைக் கைவசம் வைத்திருப்பது, உரிமையாளருக்கு எதிராக மாறிய நாளிலிருந்துதான் ஓடும். அனுமதி வாங்கிக் குடியேறியவருக்கு அந்த நாள் வராமலே போகலாம்.

ஓர் அண்ணன் வெளியூர் போகும்போது, "சும்மாதானே கிடக்கு, இருந்துக்கோ" என்று சித்தப்பா மகனிடம் சாவியைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 25 வருஷம் போகிறது. தம்பி பெயரில் வரி ரசீது ஒரு கட்டு, மின் இணைப்பு, பின்பக்கம் புதிதாக ஓர் அறை. வழக்கு வந்ததும் அந்தக் கட்டை நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு கேள்வி போதும்: "இது என் இடம்னு அண்ணன்கிட்ட எந்தத் தேதியில சொன்னீங்க?" பதில் இல்லையென்றால், அவர் அங்கே வசித்தார் என்பதற்குத்தான் ரசீதுகள் சாட்சி. அனுமதியில் தொடங்கிய அனுபவம் வெறுமனே நீண்டுகொண்டே போவதால் எதிரிடை அனுபவம் (உரிமையாளருக்கு எதிராக, தன் இடமென்றே வைத்திருப்பது) ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது. காவலாளி, பராமரிப்பாளர் எத்தனை வருஷம் இருந்தாலும் இடத்தில் பாத்தியம் வராது என்றது 2012 தீர்ப்பு.

அதே அண்ணன் "எடுத்துக்கோ" என்று வாய்வார்த்தையாகக் கொடுத்திருந்தால் கதை வேறு. பத்திரம் பதியாத தானம் பெரும்பாலும் செல்லாது. ஆனால் தம்பி அன்றிலிருந்தே சொந்தக்காரராக இருக்கிறார், எனவே கணக்கு அன்றே ஓடத் தொடங்கும். செல்லாத தானமே பிற்பாடு கைகொடுப்பது வேடிக்கைதான்! கிரய ஒப்பந்தம் போட்டு, பத்திரம் முடியாமல் குடியேறியவருக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது. அவர் இருப்பது விற்பவரின் சம்மதத்தில்.

அனுமதியை ரத்து செய்து நோட்டீஸ் அனுப்பினாலும் அனுபவம் தானாக மாறாது. "ஆறு மாசம் அவகாசம் கொடுங்க" என்று பதில் எழுதினால், உரிமையாளர் யாரென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். "இடம் என்னுடையது, காலி செய்ய மாட்டேன்" என்று எழுதினால் அந்தத் தேதி முக்கியம். அப்புறம் உரிமையாளர் சும்மா இருக்கக் கூடாது. உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்புக்குப் பிறகு, எதிரிடை அனுபவத்தால் வந்த உரிமையைக் கோரி அனுபவத்தில் இருப்பவரே வாதியாக வழக்குப் போடலாம்.

சரி, தம்பி கட்டிய அறை? 1882 வசதியுரிமைச் சட்டம், பிரிவு 60-ல் அதற்கு ஒரு வாதம் உண்டு: அனுமதியை நம்பிச் செலவு செய்து நிரந்தரக் கட்டுமானம் எழுப்பியிருந்தால் அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. அதில் ஜெயித்தால் இருக்கலாம், இடம் அண்ணனுடையதுதான்.