மனூவரபிலிற்றி: சூழ்ச்சியா, கையாளலா, திருப்புதிறனா?

மாரி மழை விட்டிருந்த நேரம். திருகோணமலையில், சீனக்குடாப் பக்கம் சேறும் சல்லியுமாகக் கிடந்த முற்றமொன்றில், கரடுமுரடான நிலத்துக்கென்றே செய்த போர்க்லிஃப்ட் (சரக்குத் தூக்கும் வண்டி) ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான் என் மருமகன். கைநூலைக் காட்டி, "மாமா, மனூவரபிலிற்றி எண்டால் தமிழில என்ன?" என்றான். வாகனத்தையோ படையையோ நினைத்தபடி திருப்பி நகர்த்தக்கூடிய தன்மையைச் சொல்லும் ஆங்கிலச் சொல் அது. யோசிக்காமல் 'சூழ்ச்சித்திறன்' என்றேன். "இது ஆருக்குச் சதி செய்யப்போகுது?" என்று சிரித்தான்.

சிரிப்பு நியாயம்தான். பழந்தமிழில் சூழ்ச்சி என்றால் கலந்து ஆராய்தல். படை நகர்த்துவதற்கு அது பொருந்தும். இன்று அந்தச் சொல்லில் சதிதான் மிஞ்சியிருக்கிறது.

மூலச் சொல் பிரெஞ்சிலுள்ள மனூவர். அதற்கும் அடியில் இலத்தீன்: மானுஸ் என்றால் கை, ஓபெரா என்றால் வேலை. வெறும் கைவேலை! நிலத்தைக் கையால் பண்படுத்துதல் என்ற பொருளில் கிளைத்துப் போய், ஆங்கிலத்தில் எருவைக் குறிக்கும் சொல்லாகவும் அதுவே ஆனது. பிரெஞ்சு மாலுமிகள் கப்பலின் கயிறுகளையே மனூவர் என்பார்கள். 1782 இல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பற்படை திருகோணமலையைப் பிடித்து, செப்டெம்பர் 3 இல் ஆங்கிலேயரோடு இந்தக் கடலில் மோதியது. அன்று இந்தச் சொல் இங்கே எத்தனை தரம் கத்தப்பட்டிருக்குமோ!

கை என்றதும் 'கையாள்திறன்' கண்ணில் படும். வேருக்கு வேர் பொருத்தம். ஆனால் துறைமுக ஊரில் சரக்குக் கையாளல் என்பது ஏற்றி இறக்குவது. எத்தனை தொன் தூக்கும் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள்.

சரி, வாகனம் என்ன செய்கிறது? களஞ்சியத்துக்குள் ஓடும் சாதாரண போர்க்லிஃப்ட் பின்சில்லால் திரும்பும். வழவழப்பான தரையில் அது போதும். சேற்றுக்கு வந்தவற்றில் ஆழமான பல்வெட்டுள்ள பெரிய ரயர்கள், நிலத்துக்கும் அடிப்பகுதிக்கும் நல்ல இடைவெளி, பலவற்றில் நாலு சில்லுக்கும் இழுவை. சிலதில் உடலே நடுவில் மடிந்து திரும்பும். நீளும் கையுள்ள வகைகள் பலவற்றில் திருப்புவதற்கு மூன்று முறை உண்டு. முன்சில்லு மட்டும் திரும்புவது ஒன்று. முன்னும் பின்னும் எதிரெதிராகத் திரும்பி, ஒடுங்கிய இடத்தில் வட்டமடிப்பது இன்னொன்று. மூன்றாவதில் நாலு சில்லும் ஒரே பக்கம் சாய, வாகனம் முகத்தைத் திருப்பாமலே சாய்வாக நகரும். ஆங்கிலத்தில் இதற்கு நண்டின் பெயர்தான். நிலாவெளி மணலில் நண்டைத் துரத்திய பிள்ளைகளுக்கு 'நண்டு நடை' என்றால் போதும், விளக்கம் வேண்டாம்.

'இயக்கத்திறன்' என்றும் எழுதுகிறார்கள். அது எஞ்சினுக்கும் பொருந்தும், தளர்ந்த முழங்காலுக்கும் பொருந்தும். நான் 'திருப்புதிறன்' என்பேன். மருமகன் விடவில்லை: "நண்டு நடையில வாகனம் திரும்பாதே, மாமா?"

வாகனம் திரும்பாது. சில்லைத் திருப்பாமல் அது நண்டாகவும் முடியாது. கைநூலின் ஓரத்தில் பென்சிலால் திருப்புதிறன் என்று எழுதிக்கொண்டான்.