தீசிஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை மாலை, ஓபி முடியப்போகிற நேரத்தில் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு 29 வயது. வேதியியலில் பிஎச்டி, ஐந்தாவது வருடம்; தீசிஸ், அதாவது ஆய்வேடு, இன்னும் முடியவில்லை. (ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பாவின் கையில் ஒரு தடித்த ஃபைல். வயிற்றெரிச்சலுக்கு எண்டோஸ்கோபி, தலைவலிக்கு எம்ஆர்ஐ, முடி கொட்டுகிறது என்று தைராய்டு டெஸ்ட். எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த வயிற்று டாக்டர்தான் "ஒருமுறை மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. அப்பாதான் பேசினார். "தூக்கம் வர்ற மாதிரி மட்டும் ஏதாவது குடுங்க மேடம். இன்னும் ஆறு மாசம்தான். தீசிஸ் குடுத்துட்டா எல்லாம் தானா சரியாயிடும்."

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் கேட்டேன். "இந்த 'ஆறு மாசம்' எப்போலேர்ந்தும்மா?"

"ரெண்டு வருஷமா மேடம்."

இந்த மாதம் மட்டும் இதே வாக்கியத்தோடு வந்த நான்காவது ஆள் இவர். தீசிஸ் முடியட்டும், சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) முடியட்டும், அந்தப் பேப்பர் (ஆய்வுக் கட்டுரை) அக்செப்ட் ஆகட்டும், வைவா (வாய்மொழித் தேர்வு) முடியட்டும். மாணவர் சொல்கிறார், பெற்றோர் சொல்கிறார்கள், ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடு சொல்கிறார். போன வருடம் ஒரு பொது மருத்துவரே சொல்லி அனுப்பியிருந்தார். பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் இது புதிய பழக்கம் ஒன்றும் கிடையாது. காலில் சர்க்கரைப் புண்ணோடு "மகள் கல்யாணம் முடியட்டும்" என்று பந்தியில் நின்று பரிமாறிய அப்பாக்களை மருத்துவம் படித்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்காவது ஒரு தேதி இருக்கும், மண்டபம் புக் ஆகியிருக்கும். பிஎச்டிக்கு அந்தத் தேதியும் கிடையாது. முடிகிற நாள் தெரியாத ஒரு வேலையைக் காட்டி நோயைத் தள்ளிப்போடுகிறோம்.

தயவுசெய்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தீசிஸ் முடியாததால் மட்டும் மனச்சோர்வு வருவதில்லை. மனச்சோர்வு வந்ததாலும் தீசிஸ் முடியாமல் கிடக்கும். மனச்சோர்வு என்றால் அழுகை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என்னிடம் வரும் ஆராய்ச்சி மாணவர்கள் பலர் அழுவதே இல்லை. ஒரே பத்தியை ஏழு முறை படிக்கிறார்கள், எதுவும் ஏறுவதில்லை. டேட்டா கையில் இருக்கிறது, டிஸ்கஷன் எழுத உட்கார்ந்தால் முதல் வரி வருவதில்லை. எந்த கிராஃபை முதலில் போடுவது என்ற சின்ன முடிவுக்கு மூன்று நாள் ஆகிறது. கைடின் மெயில் வந்தால் திறக்கவே பயம். திறக்காத மெயில்கள் சேரச் சேர லேப்புக்குப் போவதற்கே பயம். கவனம், ஞாபகம், முடிவெடுக்கும் திறன் மூன்றும் குறைவது இந்த நோயின் அறிகுறிகள். தீசிஸ் எழுதத் தேவைப்படுவதும் அந்த மூன்றும்தான். அப்படியிருக்க, தீசிஸ் முடிந்தால் நோய் போய்விடும் என்று காத்திருந்தால் என்ன நடக்கும்? ஆறு மாதம் இரண்டு வருடமாகும். அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் அதுதான்.

சரி, ஒருவழியாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது முடிகிறதா? சமர்ப்பித்த பிறகு தேர்வாளர்களின் அறிக்கை வர வேண்டும், திருத்தம் செய்ய வேண்டும், வைவாவுக்குத் தேதி கிடைக்க வேண்டும். இதெல்லாம் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி சொல்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பலருக்கு அதற்குள் ஃபெலோஷிப் நின்றுவிடும், ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும், வேலையும் கிடைத்திருக்காது. நான்கைந்து வருடம் தினமும் போய் வந்த லேப் திடீரென்று இல்லாமல் போகும். மிக மோசமான நிலையில் நான் பார்த்த சிலர், சமர்ப்பித்த மூன்றாவது நான்காவது மாதத்தில் வந்தவர்கள். "முடிச்சாச்சே, இன்னும் என்ன?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர்களிடம் பதில் இருக்காது.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த வாழ்க்கை புரிவதில்லை என்பதும் உண்மைதான். பரீட்சை இல்லை, மாதாமாதம் பணம் வருகிறது, என்ன கஷ்டம் என்கிறார்கள். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை உதவித்தொகை 42,000. காகிதத்தில் நல்ல தொகைதான். அது நான்கைந்து மாதம் வராமல் இருந்து, பிறகு மொத்தமாக வரும்போது ஹாஸ்டல் பாக்கிக்கே போய்விட்ட கதையை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். ஜேஆர்எஃப் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு 8,000 ரூபாய். எந்த உதவித்தொகையும் இல்லாமல் வாரத்தில் நான்கு நாள் தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, மிச்ச நாளில் லேப்புக்கு ஓடுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

வேலையைப் பற்றிக் கேட்டால் ஆராய்ச்சி கடைசியில்தான் வரும். கைடின் விடைத்தாள் திருத்துவது, லேப் ஸ்டாக் ரிஜிஸ்டர், துறையின் கருத்தரங்குக்குச் சாப்பாடு ஏற்பாடு, விருந்தினரை ரயில் நிலையத்தில் போய் அழைத்துவருவது, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வருடம் என்றால் இரவு பகலாக ஃபைல் அடுக்குவது. இவை எதுவும் தீசிஸில் ஒரு வரியாகக்கூட வராது. "பேப்பர் எங்கே?" என்ற கேள்வி மட்டும் ஆராய்ச்சியின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டோரல் கமிட்டியில் தவறாமல் வரும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் அங்கே வேறு கேள்வி: "உன்கூடப் படிச்சவங்க எல்லாம் செட்டில் ஆயிட்டாங்க, நீ இன்னும் படிச்சுக்கிட்டே இருக்க?" பெண்ணாக இருந்தால் ஜாதகம் வேறு மேஜையில் தயாராக இருக்கும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவருக்கு வீட்டில் யாரிடமும் 'ரிவியூவர் கமெண்ட்ஸ்' (கட்டுரையைப் பரிசீலிப்பவர்களின் குறிப்புகள்) என்றால் என்னவென்று சொல்லிப் புரியவைக்க முடியாது. யாரிடமும் சொல்லாமல் இருந்து பழகிவிடுகிறார்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2018-இல் வெளியான ஒரு ஆய்வில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம், பெரும்பாலும் பிஎச்டி மாணவர்களிடம், கேட்டிருந்தார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் இவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் ஆறு மடங்குக்கு மேல் காணப்பட்டது. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களை வைத்துச் செய்த ஆய்வு, அந்தக் குறை அதற்கு உண்டு. ஆனால் தினமும் ஓபியில் உட்காருகிற எனக்கு அந்த எண் ஆச்சரியமாக இல்லை.

மாணவர்களிடம் முதலில் பேசுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பிடித்த விஷயத்திலும் ஆர்வம் போய், வேலை ஓடாமல் நின்றால் டாக்டரைப் பாருங்கள். அடுத்த கமிட்டி மீட்டிங்குக்குப் பிறகு என்று வைக்காதீர்கள். முதலில் ரத்தசோகை, தைராய்டு, பி12 எல்லாம் பார்ப்போம்; எல்லாவற்றையும் மனதின் கணக்கில் எழுதிவிட மாட்டோம். மாத்திரை தேவைப்பட்டால் தருவோம், எல்லோருக்கும் தேவைப்படாது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைப் பழக்கமாக மாறாது. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாவது நாள் "ஒண்ணும் தெரியல" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக ஆன பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும், நிறுத்தும்போது மெதுவாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

பழக்கமாகிற மாத்திரை வேறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் பயமே இல்லாமல் வாங்கிச் சாப்பிடுகிறீர்கள். ரூம்மேட் கொடுத்தார், சீனியர் கொடுத்தார், தெரிந்த மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கிடைத்தது என்று அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை. மூன்று மாதம் தினமும் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் அடியோடு போகும், சிலருக்கு வலிப்புகூட வரும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துப் பயந்துபோய் இன்றே நிறுத்திவிடாதீர்கள்; என்னைப் போன்ற யாரிடமாவது வாருங்கள், திட்ட மாட்டோம். அப்புறம், ராத்திரி பதினோரு மணிக்குக் காபி குடித்துவிட்டுத் தூக்கத்துக்கு மாத்திரை கேட்காதீர்கள்.

உங்களுக்கு உள்ள அவகாசத்தையும் விடுப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். இது என் துறை இல்லை, ஆனால் என் அறையில் உட்கார்ந்து அழுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. யுஜிசியின் 2022 விதிகளின்படி பிஎச்டிக்கு ஆறு வருடம் வரை அவகாசம். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு வருடம் கிடைக்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருடம் தர இடமிருக்கிறது. பெண்களுக்கு மொத்தப் படிப்புக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. மருத்துவ விடுப்புக்கு உங்கள் பல்கலைக்கழகக் கையேட்டைப் பாருங்கள். டெங்கு வந்தால் சர்டிஃபிகேட் கொடுத்து லீவ் போடுகிறீர்கள் அல்லவா? இதற்கும் போடலாம்.

கைடுகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மேல் இருக்கும் அழுத்தமும் எனக்குத் தெரியும். பேராசிரியர்களும் என்னிடம் வருகிறார்கள். ஆனாலும், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு மாணவர் திடீரென்று மெயிலுக்குப் பதில் போடவில்லை, லேப்புக்கு வரவில்லை என்றால் முதலில் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்காமல், தனியாகக் கூப்பிட்டு "சாப்பிடுறியா, தூங்குறியா?" என்று கேளுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பாதீர்கள். "நாங்கெல்லாம் கஷ்டப்பட்டுத்தான் முடிச்சோம்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொல்கிற அந்த ஒரு வரியை மூன்று வருடம் கழித்தும் என்னிடம் வார்த்தை மாறாமல் சொல்லிக் காட்டுகிறார்கள்.

நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. ஏற்கெனவே வேறு நான்கு பொறுப்பில் இருக்கும் ஓர் ஆசிரியரின் கதவில் 'கவுன்சலிங் செல்' என்று போர்டு மாட்டினால் அது ஆகாது. தன்னை மதிப்பிடப்போகிறவரிடம் எந்த மாணவர் போய் மனதைத் திறப்பார்?

பெற்றோர்களே, எப்போது முடியும் என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் விடுங்கள். பிள்ளை "எல்லாத்தையும் விட்டுட்டு எங்கேயாவது போயிடணும் போல இருக்கு", "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரி பேசினால் அதைப் பேச்சு என்று விடாதீர்கள். சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சுமையை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைத்தது என்று இருக்கும். ஆமாம் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. மாணவர்களே, இந்த எண்கள் உங்களுக்கும்தான். போனில் சேமித்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து ரூமில் யாருக்காவது தேவைப்படும்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். மாத்திரை எழுதினேன், ஒரு மாத ஓய்வுக்குச் சர்டிஃபிகேட்டும் எழுதினேன். பேனாவை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுல மனநலம்னு வருமா மேடம்? கைடு பார்ப்பார்." 2017-ஆம் வருட மனநலச் சட்டப்படி உங்கள் விவரம் ரகசியம், நீங்கள் சம்மதிக்காமல் நோயின் பெயரை எழுத மாட்டேன் என்றேன். மருத்துவ ஓய்வு என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு அப்பாவை உள்ளே கூப்பிட்டு, ஆறு மாதக் கணக்கை இனி வீட்டில் யாரும் பேச வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தினமும் ஃபோன்ல அதைத்தான் மேடம் கேட்பேன்" என்றார். அடுத்த வியாழக்கிழமை இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குத் தனியாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன்.