திரையில் ஒன்றும் அசைவதில்லை

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் கட்டடத்துத் தியேட்டருக்குக் கார்ட்டூன் படம் பார்க்கப் போனால், திரையில் முயல் பாயும்போது சின்னப்பிள்ளைகளும் கதிரையிலேயே ஒரு துள்ளுத் துள்ளுவார்கள். உண்மையில் அந்த முயல் பாயவே இல்லை. செக்கனுக்கு 24 அசையாப் படங்கள் வந்து போகின்றன, அவ்வளவுதான். ஒன்றரை மணிநேரத்துக்கு 129,600 படங்கள். பாய்ச்சலை உண்டாக்குவது பார்ப்பவரின் மூளை.

பள்ளியில் 'பார்வை நிலைப்பு' என்று படித்திருப்போம். காட்சி மறைந்த பிறகும் அதன் பதிவு கண்ணில் கொஞ்சம் தங்குகிறது, அதனால்தான் படங்கள் சேர்ந்து அசைவாகத் தெரிகின்றன என்பார்கள். யோசித்துப் பாருங்கள்: பழைய படம் தங்கியிருக்கும்போதே புதியது அதன்மேல் விழுந்தால் முயல் பாயாது. பல முயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித்தான் தெரியும்.

1912இல் ஜேர்மன் உளவியலாளர் மக்ஸ் வெர்தைமர் இரண்டு கோடுகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி, மாறி மாறிக் காட்டிப் பார்த்தார். இடைவெளி 200 மில்லி செக்கன் அளவில் இருந்தபோது ஒன்று போய் மற்றது வந்தது. 30 அளவுக்குக் குறைத்தபோது இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. 60ஐ அண்டியபோது ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது! நல்லூர்த் திருவிழாக் காலத்து லைட் சோடனையில் ஒளி ஓடுவதும் இப்படித்தான். எந்த மின்குமிழும் இடம் மாறுவதில்லை.

அசைவைக் கவனிக்க மூளையில் தனிப் பகுதியே உண்டு. அது பழுதானால் என்ன ஆகும் என்பதை 1983இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியபோதுதான் உலகம் தெளிவாக அறிந்தது. அவருக்கு நிறமும் உருவமும் தெரியும், அசைவு மட்டும் தெரியாது. கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினால் அது உறைந்து நிற்பதுபோல் இருக்கும். எங்கே நிறுத்துவது என்று பிடிபடாது. வீதியில் தூரத்தில் இருந்த வாகனம் திடீரென்று கிட்ட நிற்கும். இதை வாசித்த பிறகு, அசைவைப் பார்ப்பது சாதாரண விடயம் என்று எண்ண என்னால் முடிவதில்லை.

கையால் வரைபவர்களுக்கு மூளையின் இந்தக் குணம் நன்றாகத் தெரியும். திரையில் வந்துபோகும் ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம்; ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு வைத்திருந்து, செக்கனுக்கு 12 ஓவியங்களோடு சமாளிப்பது அவர்களின் வழக்கம். ஆனால் வேகமான பாய்ச்சலில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே தூரம் கூடிவிடும், மூளை இரண்டையும் இணைக்கத் தவறும். அப்போது முயலின் உடம்பையே இழுத்து நீட்டி வரைவார்கள். கமராவில் எடுக்கும் படத்தில் இந்த இழுபடல் தானாகவே விழும், ஏனென்றால் கமரா திறந்திருக்கும் சிறு நேரத்துக்குள் பொருள் நகர்ந்துவிடுகிறது. கணினி அனிமேஷனில் கமராவே இல்லை. அதனால் அதைக் கணக்குப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

சரி, அப்படியானால் கண்ணில் பதிவு தங்குவது பொய்யா? இல்லை, அதன் வேலை வேறு. டிஜிட்டல் தியேட்டர்கள் பலவற்றில் புரொஜெக்டருக்குள் தலைமயிரின் தடிப்பைவிடச் சிறிய கண்ணாடிகள் இருக்கின்றன. சாதாரண 2கே (அகலத்தில் ஏறத்தாழ 2,000 புள்ளிகள்) புரொஜெக்டரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிப்புகள், ஒவ்வொன்றிலும் 22 இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டே நிலைகள்: ஒளியைத் திரைக்கு அனுப்பும், அல்லது விலக்கிவிடும். மங்கிய நிறம் வேண்டுமென்றால் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை புரண்டு, திரைப்பக்கம் குறைந்த நேரம் நிற்கும். அந்தப் புரளலைக் கண் பிரித்தறியாமல் ஒரே நிறமாகச் சேர்த்துக்கொள்கிறது. முயலின் காதோரத்து மென்சாம்பல் நிறம் கண்ணின் இந்தத் தாமதத்தால் வருவது.

பிள்ளைகள் முன்வரிசைக்கு ஓடினால் நடுவுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன்னால் இருந்தால் திரை பார்வையில் பெரிதாகிவிடும், படத்துக்குப் படம் முயல் தாவும் தூரமும் கூடும். வேகமான காட்சிகள் வெட்டி வெட்டித் தெரிவது அதனால்தான்.