மணலுக்குள் இருக்கும் வைகை

சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் திருப்புவனத்து மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "அழகர் ஆற்றில் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. இந்த வைகையை நம்பியா கீழடியில் ஒரு நகரம் இருந்தது?"

வைகை அணை கட்டப்பட்டது 1959இல். கீழடியிலோ, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றைக் கரிமக் கணிப்பு கி.மு. 580 என்று காட்டியது. அணை இல்லாத காலத்திலும் வைகை மழையை நம்பிய ஆறுதான். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தைக் கண்மாய்களில் தேக்கி நெல் விளைவிப்பது இந்த வட்டாரம் நன்கறிந்த கதை. கோடையில் குடிநீருக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

சிறுவயதில் மானாமதுரையில் அப்பத்தாவோடு காய்ந்த ஆற்றுக்குப் போவேன். முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டிவிட்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். முதலில் கசியும் கலங்கலைச் சிரட்டையால் இறைத்துக் கொட்டிவிட்டால், அடுத்து ஊறுவது கண்ணாடி போல் தெளிந்திருக்கும்.

அந்த நீர் எங்கே இருந்தது? மணிகள் எவ்வளவு நெருங்கிக் கிடந்தாலும் ஆற்றுமணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம்தான். ஒரு டம்ளர் மணலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் விளங்கும். களிமண்ணிலும் இடுக்குகள் உண்டு, ஆனால் அவை மிக நுண்ணியவை என்பதால் நீரை எளிதில் விடுவதில்லை. அதே நுண்ணிய இடுக்குகள் வழியாக நீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல் மேலேறி வெயிலில் ஆவியாகிவிடும். பருமணலின் இடுக்குகளோ அகலமானவை. அவற்றில் நீர் ஒரு சாண் ஏறுவதே அரிது. ஆகவே மேலே கிடக்கும் காய்ந்த மணலே கூரையாகி, இரண்டு அடிக்குக் கீழே இறங்கிவிட்ட நீரைப் பங்குனி வெயிலிலும் காப்பாற்றிவிடுகிறது. சரிவு குறைந்த இந்தச் சமவெளியில், மணலுக்குள் அது நாளொன்றுக்கு ஓரிரு முழம் நகர்ந்தாலே அதிகம் என்பதால், கார்த்திகையில் இறங்கிய நீர் சித்திரையிலும் அதே ஊரின் அடியில்தான் இருக்கும்.

கீழடியில் கிடைத்த உறைகிணறுகள் இந்த அறிவின் அடுத்த படி. வெறும் மணலில் ஆழமாகத் தோண்டினால் பக்கங்கள் சரியும். சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சரிவு தடுக்கப்படும். நீர் மட்டும் அடியிலிருந்து ஊறி வரும். இன்றும் உறை இறக்குகிறவர்கள், வளையத்தின் உள்ளே மண்ணை எடுத்து எடுத்து, அதன் எடையாலேயே அதைக் கீழிறக்குகிறார்கள்.

அப்பத்தா ஊற்று தோண்டிய இடத்தில் இப்போது மணல் இல்லை. அள்ளிவிட்டார்கள், களிமண்ணும் சீமைக்கருவேலமும்தான் மிச்சம். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவருக்குப் பணம் கொடுக்கும் நாம், மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை வைகையில் எந்த இடத்தில் எத்தனை அடி மணல் எஞ்சியிருக்கிறது என்பதை ஆண்டுதோறும் அளக்க நிதி கேட்க வேண்டும். அகழாய்வுக்குச் செலவிடுவதை மனமார வரவேற்கிறேன். அந்த நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த மணலை அளப்பதும் அதே ஆய்வின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.